தோரா அறிஞர் எதிரே வந்தால்: எழுந்து நிற்பது முதல் எதிர்த்துக் கேட்பது வரை

இஸ்ரேலில் நகரப் பேருந்தில் ஏறினால் முன்பக்க இருக்கைகளின் அருகே ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். நம் பேருந்துகளில் 'முதியோர்' என்று எழுதியிருக்குமே, அதே வேலைதான். ஆனால் அங்கே எழுதியிருப்பது விவிலிய வசனம்: "மிப்னே சேவா தாகூம்." நரைத்த தலைக்கு முன் எழுந்து நில் என்று பொருள். லேவியராகமம் 19:32.

பேருந்துக்காரர்கள் பாதி வசனத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பாதி இப்படிப் போகிறது: "ஸாகேன் முகத்தைக் கனப்படுத்து, உன் கடவுளுக்கு அஞ்சு." ஸாகேன் என்றால் அகராதிப்படி முதியவர். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முத் உருவான காலத்து ரபிகள் (யூத மத ஆசான்கள்) அந்தச் சொல்லை உடைத்து, 'ஞானத்தைச் சம்பாதித்தவர்' என்று படித்தார்கள். வயது எதுவாகவும் இருக்கலாம், தோராவைக் கற்றுத் தேர்ந்தவர் வந்தால் எழுந்திரு என்று அந்த வரி ஆகிவிட்டது. தோரா என்றால் மோசேயின் ஐந்து நூல்கள்; விரிந்த பொருளில், அதிலிருந்து கிளைத்த மிஷ்னா (தால்முத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு), தால்முத், சட்ட நூல்கள் எல்லாமே.

இந்த ஒரு வரியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் எழுவது, யார் எழ வேண்டாம், எப்படி அழைப்பது, எப்போது மரியாதையையே தூக்கி ஓரமாக வைப்பது என்று ஒரு பெரிய சட்டப் பகுதி வளர்ந்திருக்கிறது. யூத நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கும், இஸ்ரேலில் வேலை பார்க்கிறவர்களுக்கும், யூத நூல்களைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கும் அதைப் படிப்படியாகச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். இந்தச் சட்டங்கள் யூதர்களைத்தான் கட்டுப்படுத்தும். மற்றவர்கள் இவற்றைத் தெரிந்துகொண்டால், கண்ணெதிரே நடப்பது என்ன என்று புரியும். அதுவே போதும்.

படி 1: யார் அந்த அறிஞர் என்று பாருங்கள்

அவருக்கு எபிரேயத்தில் பெயர் 'தல்மித் ஹகாம்'. நேர்ப்பொருள், அறிஞரின் மாணவர். எவ்வளவு பெரிய மேதையானாலும் பட்டம் என்னவோ மாணவர்தான்.

உடையை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். மரபுவழி யூதர்கள் நிறைந்த பினே பிராக் நகரில் கறுப்புத் தொப்பி போடாத ஆணைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ரபி என்ற பட்டமும் முழு அடையாளம் ஆகாது. இன்று ரபிகளுக்குக் கொடுக்கப்படும் 'ஸ்மிஹா' என்பது சட்டக் கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொல்லலாம் என்ற அனுமதி. அது இருந்தும் சுமாராகப் படித்தவர்கள் உண்டு. மறுபுறம் 18-ஆம் நூற்றாண்டின் மாபெரும் அறிஞர் என்று போற்றப்படும் வில்னா காவோன் (1720–1797) எந்த ஊரிலும் ரபி பதவி வகித்ததில்லை.

பிறப்பும் கணக்கில் வராது. மிஷ்னாவின் ஹோராயோத் பகுதி இதை முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறது: தகாத உறவில் பிறந்த அறிஞர் ஒருவர், தோரா கல்லாத தலைமைக் குரு ஒருவர் என்று இருவர் நின்றால் முன்னுரிமை அறிஞருக்கே. குருத்துவம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒரு சமூகத்தில், கோயிலின் உச்சப் பதவியில் இருப்பவரைப் பற்றி எழுதி வைத்த வரி இது.

அறிஞர்களிலும் உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பொறுத்து மூன்று நிலை. முதல் நிலை, பொதுவாக எந்த அறிஞரும். அடுத்தது, உங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தவர். ஓர் எழுத்தைச் சொல்லித் தந்திருந்தாலும் அவருக்கு மரியாதை உண்டு என்கிறது ரபிகளின் நீதிமொழித் தொகுப்பான 'பிர்கே அவோத்'. அதற்கு அது காட்டும் உதாரணம் வேடிக்கையானது: தாவீது ராஜா அகித்தோப்பேலிடம் கற்றது இரண்டே விஷயம், ஆனாலும் அவனை என் ஆசான் என்று அழைத்தார். அதே அகித்தோப்பேல்தான் பிற்பாடு அப்சலோமோடு சேர்ந்து தாவீதுக்குத் துரோகம் செய்தவன்.

மூன்றாவது, 'ராவ் முவ்ஹாக்'. உங்கள் அறிவில் பெரும்பகுதி யாரிடமிருந்து வந்ததோ அவர். இவருக்குரிய மரியாதை தந்தைக்குரியதையும் தாண்டிவிடும். தந்தையின் பொருள் ஒன்றும் ஆசிரியரின் பொருள் ஒன்றும் தொலைந்தால் முதலில் ஆசிரியருடையதைத் தேடு என்கிறது மிஷ்னா. தந்தை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் மறுமைக்குக் கொண்டுபோகிறார் என்பது காரணம். தந்தையும் அறிஞராக இருந்தால் அவருடையதே முதலில். இதைப் படித்துவிட்டு எத்தனை அப்பாக்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

படி 2: எழுந்து நில்லுங்கள், ஆனால் கணக்கோடு

சாதாரண அறிஞருக்கு எல்லை 4 முழம், ஏறக்குறைய 2 மீட்டர். அவர் அந்த வட்டத்துக்குள் வரும்போது முழு உயரத்துக்கு எழ வேண்டும். பாதி எழுந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நெளிவது கணக்கில் வராது. கடந்து போனதும் உட்கார்ந்துவிடலாம். உங்கள் சொந்த ஆசிரியர் என்றால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தென்படும்போதே எழுந்து, கண்ணிலிருந்து மறையும்வரை நிற்க வேண்டும். 70 வயதைத் தாண்டிய எவருக்கும் எழ வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. தால்முத் அறிஞரான ரபி யோஹனான் யூதரல்லாத கிழவர்களுக்கும் எழுந்து நிற்பாராம். இவர்கள் தலைமேல் எத்தனை எத்தனை கடந்து போயிருக்கும் என்பாராம்.

யெஷிவா எனப்படும் தோராக் கல்விக்கூடத்தில் இதை நேரில் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, தால்முத் பக்கத்தை நடுவில் வைத்துக் கத்திக்கொண்டிருப்பார்கள். மீன் சந்தை தோற்றுப்போகும். தலைமை ஆசிரியரான ரோஷ் யெஷிவா கதவருகே நுழைந்ததும் அந்தப் பக்கத்து வரிசை எழும். அவர் நடக்க நடக்க அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் அவரோடு கூடவே நகரும். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்தத் தொடங்குவார்கள்.

எழ வேண்டாத இடங்களும் உண்டு. குளியலறையிலும் கழிப்பறையிலும் வேண்டாம். அங்கே எழுந்து நிற்பது யாருக்கும் கௌரவம் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் கைவினைஞர் எழ வேண்டியதில்லை. தால்முத் இங்கே முத்தில் துளையிடும் தொழிலாளியை நினைக்கிறது. கை அசைந்தால் முத்து போச்சு. மரியாதைக்காக யாருக்கும் பண நட்டம் வரக்கூடாது என்பது விதி. அடுத்தவரிடம் கூலிக்கு வேலை செய்கிறவர் எழவே கூடாது. அந்த நேரம் முதலாளியுடையது. ஆனால் முதல் விளைச்சலைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஜெருசலேம் வந்த விவசாயிகளுக்கு மட்டும் அந்த ஊர்க் கைவினைஞர்கள் எழுந்து நின்றார்கள், ஊர்ப் பெயர் சொல்லி 'சகோதரர்களே வாருங்கள்' என்று வரவேற்றார்கள் என்கிறது மிஷ்னா. அறிஞருக்கு எழாதவர்கள் விவசாயிக்கு எழுந்தார்கள். எதற்கு இந்தச் சலுகை என்று தால்முத்தும் கேட்கிறது. வரவேற்பு இல்லாவிட்டால் அடுத்த வருடம் அவர்கள் வராமல் போகலாமே என்பது ஒரு பதில்.

அப்புறம் கள்ளத்தனம். அறிஞர் வருவது தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, 'கவனிக்கவில்லை' என்று இருந்துவிட்டால்? வசனம் ஏன் 'உன் கடவுளுக்கு அஞ்சு' என்று முடிகிறது என்பதற்கு ரபிகள் சொன்ன விளக்கமே இதுதான். பார்த்தாயா இல்லையா என்பது உனக்கும் கடவுளுக்கும் மட்டும்தானே தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே வேண்டுமென்றே புகுந்து எல்லோரையும் எழுப்பிவிடும் அறிஞரைச் சட்டம் விரும்பவில்லை. மக்களைச் சிரமப்படுத்தாமல் சுற்று வழியில் போகட்டும், அப்படிப் போகிறவர் நீண்ட நாள் வாழ்வார் என்று அபாயே என்ற தால்முத் அறிஞர் சொன்னதாக ஒரு மரபு. மாணவர் தன் ஆசிரியருக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எழுந்தால் போதும் என்றும் ஒரு கருத்து உண்டு. கடவுளை நினைக்கும் 'ஷெமா' ஜெபம் நாளைக்கு இருமுறைதான். ஆசிரியரின் கௌரவம் அதைத் தாண்டக்கூடாதல்லவா?

சரி, எதற்கு இவ்வளவு? மனிதருக்கா எழுகிறோம், நூலுக்கா? ராவா என்ற தால்முத் அறிஞர் ஒருமுறை அலுத்துக்கொண்டார்: தோராச் சுருளுக்கு எழுந்து நிற்கிறார்கள், பெரிய மனிதருக்கு எழ மாட்டேன் என்கிறார்கள், என்ன முட்டாள்தனம்! சுருளில் 40 கசையடி என்று இருக்கிறது; அறிஞர்கள் வந்து அதில் ஒன்றைக் குறைத்து 39 ஆக்கினார்கள். எழுத்து அப்படியே கிடக்கிறது, அதைப் படித்துப் பொருள் சொல்லி ஓர் அடியைக் குறைக்க ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்குள் இருக்கும் தோராவுக்குத்தான் நாற்காலி உராய்கிறது. பின்னால் வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவை. அவர் அந்தத் தோராவை மதிக்காதபோது மரியாதை விலகிக்கொள்வதும்கூட.

படி 3: பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள்

தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என்று நமக்கு ஏணிப்படி மாதிரி வசதி இருக்கிறது. எபிரேயத்தில் கிடையாது. பிரதமரானாலும் பூனைக்குட்டியானாலும் ஆண்பால் ஒருமைக்கு 'அத்தா' ஒன்றுதான். அதனால் மரியாதைக்குப் படர்க்கைக்குத் தாவிவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே, ராவ் (ஆசான்) என்று சொல்லி, "ராவ் தேநீர் குடிப்பாரா?", "ராவ் என்ன நினைக்கிறார்?" என்று கேட்பார்கள். முதன்முதலில் கேட்கிறவருக்கு, அறையில் மூன்றாவது ஆள் யாரோ இருக்கிறார் போல என்று தோன்றும்.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் இல்லாத இடத்தில் பேசும்போதும் வெறும் பெயர் ஆகாது. 'என் ஆசான் இன்னார்' என்று அடைமொழியோடு சொல்லலாம். எலிசாவின் வேலையாள் கேயாசி, அரசனிடம் பேசும்போது 'எலிசா உயிர்ப்பித்த பையன் இவன்தான்' என்று ஆசானின் பெயரை மொட்டையாகச் சொன்னான், அதற்காகவே தண்டிக்கப்பட்டான் என்று ரபி யோஹனான் காரணம் காட்டுகிறார்.

எல்லோருக்கும் சொல்வதுபோல ஆசிரியருக்கு வணக்கம் சொல்லக்கூடாது என்கிறார் ரம்பாம் (மைமோனிடிஸ், 12-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்). தலை தாழ்த்தி, "ஷாலோம் அலேஹா, ரபி" என்று சொல்ல வேண்டும். கிழக்கு ஐரோப்பிய மரபில் ரெப்பே, ராவ். ஸ்பெயின், மத்திய கிழக்கு மரபில் ஹகாம். இந்த இரண்டாம் மரபினர் அறிஞரின் கையை முத்தமிடுவதும் வழக்கம். உயிரோடு இருப்பவரின் பெயருக்குப் பின் 'ஷ்லிட்டா' என்று எழுதுவார்கள், 'நல்ல நீண்ட நாள் வாழட்டும்' என்ற வாழ்த்தின் சுருக்கம். காலமானவருக்கு 'ஸட்ஸால்', 'நீதிமானின் நினைவு ஆசியாக இருக்கட்டும்' என்பதன் சுருக்கம். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: காலில் விழாதீர்கள். அன்பு மிகுதியில் குனிந்துவிட்டால் அவர் பதறிப் பின்வாங்குவார். ஆண்கள் படிப்புக் கூடத்துக்குள் போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள். வாசலில் துணித் தொப்பி வைத்திருப்பார்கள். ஆர்த்தடாக்ஸ் வட்டங்களில் எதிர்ப்பாலினருக்குக் கை கொடுப்பதில்லை. அவர்கள் கை நீட்டாவிட்டால் அதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

படி 4: உட்காருவதும் விடைபெறுவதும்

ஆசிரியரின் இருக்கையில் உட்காரக் கூடாது, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவும் கூடாது. மூவர் நடந்தால் ஆசிரியர் நடுவில், மற்ற இருவரில் பெரியவர் வலப்புறம், சிறியவர் இடப்புறம். விருந்தில் ரொட்டி பிட்டு ஆசி சொல்லும் உரிமையை, உணவுக்குப் பின் நன்றி ஜெபத்தை நடத்தும் உரிமையைப் பெரும்பாலும் அறிஞருக்குக் கொடுப்பார்கள். இதெல்லாம் ஒருமுறை பார்த்தால் பிடிபட்டுவிடும்.

விடைபெறுவதில்தான் ஒரு காட்சி இருக்கிறது. ஆசிரியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகக்கூடாது. அனுமதி கேட்டு, முகம் அவர் பக்கமாகவே இருக்கப் பின்னோக்கி நடக்க வேண்டும். ராவா தன் ஆசான் ராவ் யோசேப்பிடமிருந்து இப்படித்தான் போவார். பின்னால் பார்க்காமல் நடந்ததில் கால் வாசற்படியில் இடித்து இடித்துப் படியே இரத்தமாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ராவ் யோசேப்புக்குக் கண் தெரியாது. ராவா திரும்பி நடந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. யாரோ போய்ச் சொன்னபிறகுதான் தெரிந்தது. "நீ இந்த ஊருக்கெல்லாம் மேலே தலை உயர்த்தி நிற்க வேண்டும்" என்று வாழ்த்தினார்.

தன் மரியாதையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அறிஞருக்கு உண்டு. மிஷ்னா காலத்துப் பெரிய தலைவரான ரப்பான் கமாலியேல் தன் மகன் கல்யாணத்தில் தானே கோப்பை ஏந்தி விருந்தினர்களுக்கு ஊற்றினார். ரபி எலியேசர் வாங்க மறுத்தார்; ரபி யோசுவா வாங்கிக்கொண்டார். "நாம் உட்கார்ந்திருக்க இவர் நின்று பரிமாறுவதா?" என்று எலியேசர் கேட்க, யோசுவா, "ஆபிரகாம் இவரைவிடப் பெரியவர், அவரே யாரென்று தெரியாத வழிப்போக்கர்களுக்கு நின்று பரிமாறவில்லையா?" என்றார். ஆகவே அறிஞர் 'உட்காருங்கள்' என்று கையமர்த்தினால் உட்கார்ந்துவிடலாம். அரசனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவன் கௌரவம் அவன் சொந்தச் சொத்து அல்ல.

படி 5: அப்புறம், எதிர்த்துக் கேளுங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர் தடுமாறும் இடம் இது. இரண்டு நிமிடம் முன்பு எழுந்து நின்ற மாணவன், பாடம் தொடங்கியதும் ஆசிரியரைப் பாதி வாக்கியத்தில் மறித்து, 'அது எப்படி? வேறொரு பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று குரல் உயர்த்துவான். ஆசிரியர் கோபப்பட மாட்டார். பல சமயம் முகம் மலரும். கூச்சப்படுகிறவன் கற்கமாட்டான் என்பது பிர்கே அவோத் வாக்கு. தந்தையும் மகனும், ஆசானும் மாணவனும் தோராவில் மோதும்போது எதிரிகளாகிவிடுகிறார்கள், அன்பர்களாகாமல் அங்கிருந்து நகர்வதில்லை என்கிறது தால்முத்.

இதற்கு ரேஷ் லாகிஷ் கதையைவிட நல்ல பாடம் இல்லை. கொள்ளைக்காரனாக இருந்தவர். ரபி யோஹனான் அவரைப் படிக்க அழைத்துவந்தார், தன் தங்கையைக் கட்டிக்கொடுத்தார், பெரிய அறிஞராக்கினார். ஒருநாள் கத்தி, வாள் பற்றிய சட்ட விவாதம் வந்தது. அதில் யோஹனான், "கொள்ளைக்காரனுக்குக் கொள்ளைத் தொழில் தெரியாதா" என்று பழசைக் குத்திக் காட்டிவிட்டார். ரேஷ் லாகிஷ் மனம் உடைந்தார். நோயில் விழுந்து இறந்தும் போனார்.

யோஹனான் துக்கத்தில் கிடந்தார். ஆறுதலுக்காக ரபி எலெயாசர் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர், "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஒரு பழைய வாக்கை எடுத்துத் தருவார். கடைசியில் யோஹனான் வெடித்தார். நீ ரேஷ் லாகிஷ் ஆவாயா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அப்படித்தான் விஷயம் விரிந்தது. நீயோ 'ஆதாரம் இருக்கிறது' என்கிறாய். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? ஆடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அழுதபடி வெளியே அலைந்தார், புத்தி பேதலித்தது என்று முடிகிறது கதை.

ஆமாம் சாமி போடுகிறவரைவிட 24 கேள்வி கேட்டவர்தான் அவருக்கு மரியாதை செய்தவர். அதே கதை சொல்லும் இன்னொன்று, கேள்விக்கு எல்லையில்லை, குத்தலுக்கு இடமில்லை. இது சகமாணவருக்கும் பொருந்தும். ரபி அகிவாவின் 24,000 மாணவர்கள் பாஸ்காவுக்கும் ஷவுவோத் பண்டிகைக்கும் இடையில் இறந்தார்கள், ஒருவரையொருவர் மதிக்காததுதான் காரணம் என்கிறது தால்முத். அந்த ஏழு வாரத்தின் பெரும்பகுதியில் இன்றும் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33-ஆம் நாளான 'லாக் பஓமெர்' அன்று பல சமூகங்களில் தடை நீங்கும்.

ஒரே ஒரு தடை: ஆசிரியர் இருக்கும் ஊரில், அவர் முன்னிலையில், கேட்டவருக்கு நீங்களாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. படிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்க்கலாம். சட்டம் இதுதான் என்று நடைமுறைக்கு அறிவிப்பது அவர் பொறுப்பு.

படி 6: அவர் தவறு செய்தால்

சின்னத் தவறுக்கு ஓர் அழகான வாய்பாடு இருக்கிறது: "லிமத்தானு ரபேனு." எங்கள் ஆசானே, நீங்கள் எங்களுக்கு இப்படிக் கற்றுத்தந்தீர்களே. ரப்பான் கமாலியேல் தன் முதலிரவில் ஷெமா ஓதினார். மாணவர்கள், "மணமகனுக்கு அதிலிருந்து விலக்கு என்று நீங்கள்தானே சொல்லித்தந்தீர்கள்?" என்று கேட்டார்கள். விண்ணரசின் நுகத்தை ஒரு கணமும் இறக்கிவைக்க மனமில்லை என்றார் அவர். கேட்ட முறையைக் கவனியுங்கள். 'தப்பு' என்ற சொல்லே வரவில்லை, அவர் கொடுத்த பாடத்தையே திருப்பிக் கொடுத்தார்கள்.

பெரிய தவறுக்கு இந்த நாசூக்கு கிடையாது. கடவுளின் பெயருக்குக் களங்கம் வரும் இடத்தில் ஆசானுக்கு மரியாதை பார்க்காதே என்று தால்முத் நேராகச் சொல்கிறது. கட்டளைகளைத் துச்சமாக நினைக்கும் அறிஞருக்குச் சாதாரண மனிதருக்குரிய மதிப்பும் இல்லை என்கிறது 16-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அருக். ஒரு ரபி பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்தால், பணம் மோசடி செய்தால், 'பெரியவரைப் பற்றிப் பேசலாமா' என்று வாயைப் பொத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதுபோல அங்கும் இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சட்டப் பக்கத்திலேயே அவர்களுக்கான பதிலும் இருக்கிறது.

அறிஞரிடம் எதிர்பார்ப்பும் அதிகம். எனக்கு எது களங்கம் என்று ராவ் என்ற பழைய மேதை சொன்னார்: கசாப்புக் கடையில் இறைச்சி வாங்கி உடனே காசு கொடுக்காமல் வந்தால், அதுவே. மற்றவர் கடன் சொல்லலாம், அவர் சொல்லக்கூடாது. அங்கியில் கறையோடு வெளியே வரும் அறிஞரையும் தால்முத் மிகக் கடுமையாகச் சாடுகிறது.

படி 7: கை கொடுங்கள், பணமும் கொடுங்கள்

அறிஞருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, பை தூக்குவது, கூட நடப்பது எல்லாம் 'ஷிமுஷ்'. படிப்பதைவிட இது பெரிது என்பார்கள். எலிசாவைப் பற்றிச் சொல்லும்போது 'எலியாவிடம் படித்தவர்' என்று விவிலியம் சொல்லவில்லை, 'எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர்' என்கிறது. ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார், கோபத்தை எப்படி அடக்குகிறார் என்பது புத்தகத்தில் வராதே.

பணம் வந்தால் சச்சரவு. வணிகன் சம்பாதிக்க, அறிஞன் படிக்க, புண்ணியத்தைப் பங்கிட்டுக்கொள்வது பழைய ஏற்பாடு; இசக்கார், செபுலோன் கோத்திரங்களின் பெயரால் வழங்குகிறது. ரம்பாமுக்கு ஆதரவாக இருந்தவர் அவர் தம்பி தாவீது, இரத்தின வியாபாரி. நம் பக்கம் வரும் வழியில் இந்தியப் பெருங்கடலில் கப்பல் மூழ்கி இறந்தார். ரம்பாம் ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார், பிறகு வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். தோரா படித்துக்கொண்டு தர்மத்தில் வாழ நினைப்பவன் கடவுளின் பெயரைக் களங்கப்படுத்துகிறான் என்று எழுதியவர் அவர்தான். ஷுல்ஹான் அருக்கை எழுதிய யோசேப் காரோ, ரம்பாமின் நூலுக்கு எழுதிய விளக்க உரையிலேயே இதை மறுத்தார். ஆதரவு இல்லாவிட்டால் படிப்பே அழிந்துபோகும் என்பது அவர் வாதம். வாதம் இன்னும் ஓயவில்லை. இஸ்ரேலில் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து யெஷிவா மாணவர்களுக்குத் தந்த விலக்கு சில நூறு பேரோடு தொடங்கிப் பல்லாயிரமாக வளர்ந்தது. அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. என் கருத்தைக் கேட்டால் நான் ரம்பாம் பக்கம். ஆனால் படிப்பவருக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவதற்கு இந்த வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம்.

படி 8: அறிஞர் வீட்டுப் பெண்கள், பெண் அறிஞர்கள்

அறிஞரின் மனைவிக்கும் அறிஞருக்குரிய மரியாதை. இதில் எனக்கு மிகப் பிடித்த கதை ராவ் நக்மானுடையது. ராவ் ஹுனா என்ற அறிஞரின் மனைவி ஒரு வழக்காக அவரது நீதிமன்றத்துக்கு வந்தார். எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர் 'தீர்ப்பு முடிந்தது' என்று வாயடைத்துப் போவார். எழாவிட்டால் மரியாதைக் குறைவு. ராவ் நக்மான் பணியாளிடம் சொன்னார்: "வெளியே போய், ஒரு வாத்தை என் தலைமேல் பறக்கவிடு." வாத்து வரும், பதறி எழுவதுபோல எழுந்துவிடலாம்! மரியாதையும் ஆச்சு, நியாயமும் கெடவில்லை.

பெண்களே அறிஞர்களாக இருப்பதும் இப்போது புதிதல்ல. நெகாமா லைபோவிட்ஸ் (1905–1997) வாராந்திரத் தோராப் பகுதிக்குக் கேள்வித் தாள்கள் தயாரித்துப் பல்லாண்டு அனுப்பினார். யார் பதில் எழுதி அனுப்பினாலும் தன் கையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1956-இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். பட்டமெல்லாம் வேண்டாம், 'நெகாமா' என்று கூப்பிடுங்கள் என்பார். படி 3-ஐ அவரிடம் கடைப்பிடிக்க முயன்றவர்கள் தோற்றுத்தான் போனார்கள்.

படி 9: ஆசியும் அஞ்சலியும்

மாபெரும் தோரா அறிஞரைக் கண்டால் சொல்ல ஓர் ஆசி உண்டு: தமக்கு அஞ்சுவோருக்குத் தம் ஞானத்தில் பங்கு கொடுத்த கடவுள் போற்றப்படுவாராக. யூதரல்லாத பெரிய அறிவாளியைக் கண்டாலும் இதேபோன்ற இன்னொரு ஆசி இருக்கிறது. முதலாவதில் 'பங்கு', இரண்டாவதில் 'கொடுத்தார்' என்று வரும்; 'தமக்கு அஞ்சுவோருக்கு' என்பதும் 'மனிதருக்கு' என்று மாறும்.

அறிஞர் இறந்தால் எல்லோரும் அவருக்கு உறவினர் என்கிறது தால்முத். அதனால் உறவினர்போல ஆடையைக் கிழித்துக்கொள்வார்கள், படிப்பை நிறுத்திவிட்டு அடக்கத்துக்குப் போவார்கள். பாக்தாத்தில் பிறந்த ரபி ஓவதியா யோசேப் 2013 அக்டோபர் 7 அன்று மறைந்தபோது, அன்று மாலையே ஜெருசலேமில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் திரண்டதாகக் காவல்துறை கணித்தது. அந்த நாட்டு மக்கள்தொகையே அப்போது 80 லட்சம்தான்.

கல்லறைக்குப் போனால் பூ வைப்பதில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இதைப் பார்க்க இஸ்ரேல்வரை போக வேண்டியதில்லை. கொச்சி யூதர்களிடம் பட்டம் பெற்ற ரபிகள் இருந்ததில்லை. சமூகத் தலைவருக்கு அங்கே முதலியார் என்று பெயர், நம் சொல்தான். ஆனால் நெகேமியா மோத்தா என்ற மறைஞானியும் கவிஞருமான ஒருவரைத் தங்கள் ஞானியாகக் கொண்டாடினார்கள். அவர் எழுதிய எபிரேயப் பாடல்கள் அவர்களது வழிபாட்டில் இடம்பெற்றன. அவர் கல்லறை மட்டாஞ்சேரியில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. அந்தத் தெருக்காரர்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்கூட, அங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.